பூத்ததும் சொல்லுங்க

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பிரிகிற ஒரு சின்ன ரோடு. அதிலிருந்து படி இறங்கினால்தான் வாசல். வாசலுக்கும் கீழே, மூன்று தட்டாக வெட்டிய சரிவில் தோட்டம். ரோட்டில் போகிறவர்களுக்குத் தகரக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான் தெரியும். மழை பிடிக்கும் சமயத்தில் ஹைட்ரேஞ்சியா தட்டு முழுக்க நீலமாகப் பூத்து நிற்கும். அதைப் பார்க்க ஆள் படியிறங்கி வர வேண்டும். யார் வருவார்கள்?

நேராகவே சொல்லிவிடுகிறேன், யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செடி வளர்க்கிறவர்களைக் கேட்டால் "என் மனத் திருப்திக்காக வளர்க்கிறேன்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதுவும் உண்மைதான். ஆனால் கிளை நிறைய ஃபியூஷியா தொங்குகிற காலையில் பக்கத்தில் இன்னொருவர் நின்று "அடேயப்பா!" என்றால் அந்தச் சந்தோஷமே வேறு. சமைத்தவளுக்குச் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கத் தோன்றும் இல்லையா, அதே ஆசைதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

தோட்டத்தை ரோட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. செடியைக் கொண்டுபோகலாம். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கேட் பக்கத்துப் பலகை. செடிகளை அதில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பலகையை எப்படிப் போட்டேன், எந்தக் குச்சி வேர் விட்டது, எது அழுகியது, கொடுத்த செடிகள் என்ன ஆயின என்று எழுதி வைக்கிறேன். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பலகைக்குப் பெரிய செலவில்லை. இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே பழைய சில்வர் ஓக் பலகை ஒன்றைப் போட்டோம். இடுப்பு உயரம் இருக்க வேண்டும். தரையோடு வைத்தால் காட்டுமாடு மிதித்துவிடும். ராத்திரியில் எங்கள் ரோட்டில் கூட்டமாகவே இறங்கிப் போகும். மேலே ஒரு தகர ஷீட்டைச் சாய்த்துக் கட்டினோம். ஜூன், ஜூலையில் மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதுதான் அதிகம். அதனால் மேற்குப் பக்கம் பழைய ஷேட் நெட்டை இரண்டு மடிப்பாக மடித்து இழுத்துக் கட்டியாயிற்று. முன் விளிம்பில் ஒரு மூங்கில் சட்டம். இது குரங்குக்காக. குரங்கு இந்தச் செடிகளைத் தின்பதைவிடத் தள்ளிவிடுவதுதான் அதிகம். சட்டம் முழுக்கத் தடுக்காது, பாதிச் சேதம் குறையும்.

தொட்டிக்கு எல்லாம் பால் கவர்தான். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. புதிதாக நாற்றுப் பை வாங்கி ஊர் முழுக்க விநியோகிக்க எனக்கு மனசில்லை. பால் கவர் எப்படியும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அரை லிட்டர் கவரின் வாயை நேராக வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, அடி மூலைகள் இரண்டையும் கொஞ்சமாக வெட்டிவிட்டு, நடுவில் ஊசியைச் சூடாக்கி நாலைந்து ஓட்டை போட்டால் போதும். கழுவுவதில் சோம்பல் கூடாது. பால் வாடை மிச்சம் இருந்தால் எறும்பு வரும், பூஞ்சையும் வரும்.

வேர் பிடிக்க வைக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி. லைன் வீடு என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு. எஸ்டேட் நர்சரியில் தேயிலைக் குச்சி நட்டே காலத்தைக் கழித்தவர். தேயிலையை நல்ல தாய்ச் செடியிலிருந்து குச்சி வெட்டித்தான் பெருக்குகிறார்கள். ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தண்டு. ஒரு குச்சி என்றால் அவ்வளவுதான். அதை நடுகிற பையில் இரண்டு விதமான மண் போடுவார்கள். அடியில் முக்கால் பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு காட்டு மண்ணும் ஒரு பங்கு மணலும் கலந்தது. மேலே கால் பங்குக்கு அடிமண்ணும் மணலும் சரிபாதி. மேல் கலவையில் எரு ஒரு பிடிகூடக் கூடாது.

"சாப்பாட்ட மேலயே வச்சிட்டா வேரு எதுக்கு எறங்குது? உக்காந்த எடத்துலயே அழுகிப் போயிரும்" என்பார் பாட்டி.

அடிமண் என்றால் ஒரு முழம் தோண்டிய பிறகு வருகிற செம்மண். மேல்மண்ணில் இருக்கிற அளவுக்குப் புழுவும் பூஞ்சையும் களை விதையும் அதில் இருக்காது. புது வெட்டுக்காயத்தோடு இருக்கும் குச்சிக்கு அதுதான் பத்திரம். வேர் விட்டு ஓரிரண்டு அங்குலம் இறங்கியதும் கீழே சத்துள்ள மண் காத்திருக்கும். நான் இந்த முறையை அப்படியே பூச்செடிகளுக்குக் கொண்டுவந்தேன். அடியில் காட்டு மண்ணோடு மக்கிய இலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். அதற்கு முன்னால் எல்லாக் குச்சியையும் மண்புழு உரம் கலந்த மண்ணில் நடுவது என் வழக்கம். பாட்டியின் முறைக்கு மாறிய பிறகு ஹைட்ரேஞ்சியா அழுகுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது அதுதான். பூக்காத பக்கக் கிளையாகப் பார்த்து, பென்சில் கனத்தில், குறைந்தது இரண்டு கணு இருக்கும்படி வெட்ட வேண்டும். கீழ்க் கணுவுக்குக் கொஞ்சம் அடியில் வெட்டு விழ வேண்டும், ஏனென்றால் வேர் கணுவிலிருந்துதான் நன்றாக வரும். நான் கவாத்துக் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத்தான் வெட்டுவேன். கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மேலே இருக்கும் இரண்டு இலைகளையும் குறுக்கே பாதியாக வெட்டிவிட வேண்டும். நல்ல இலையை வெட்ட மனசு வராதுதான். ஆனால் அந்த அகலமான இலை தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், கீழே உறிஞ்சிக் கொடுக்க வேர் கிடையாது. முழு இலையோடு நட்ட குச்சி மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிடும்.

நட்ட கவர்களை ஒரு பழைய பழக்கூடையில் நெருக்கமாக அடுக்கி, மூங்கில் சிம்பை வளைத்துக் குத்தி, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்திவிடுவேன். நேர் வெயில் படக்கூடாது. உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. நாலைந்து வாரம் கழித்துக் குச்சியை மெதுவாக மேலே இழுத்தால் பிடிமானம் தெரியும். அப்போதும் தாளை ஒரேயடியாக எடுக்கக்கூடாது. முதலில் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும், அப்புறம் ராத்திரி மட்டும் திறந்து வைக்க வேண்டும், அப்புறம்தான் முழுக்க. தேயிலை நர்சரியிலும் இப்படித்தான் பழக்குகிறார்கள். ஜூன் சாரல் இந்த வேலைக்கு ஏற்ற காலம். தை, மாசியில் வெட்டுகிற முற்றிய குச்சிகளும் வேர் விடும், கொஞ்சம் தாமதமாகும்.

ஃபியூஷியாவுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை. மூன்று அங்குலக் கொழுந்துக் குச்சியை நிழலில் ஈர மணலில் செருகினாலே போதும், ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாலும் வேர் விட்டுவிடும். எதிர் வீட்டு அக்கா அதை ஜிமிக்கிப் பூ என்பார், நானும் இப்போது அப்படித்தான் எழுதி வைக்கிறேன். வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை வெடித்து நிறையப் பூக்கும்.

ஜெரேனியம் இதற்கு நேர் எதிர். வெட்டிய குச்சியை ஒரு நாள் முழுக்க நிழலில் காயப் போட்டு, வெட்டு வாய் உலர்ந்து மூடிய பிறகுதான் நட வேண்டும். தாள் போர்த்தக்கூடாது, தண்ணீரும் கொஞ்சமாகத்தான். மழைக்காலத்தில் நட்டால் அடித்தண்டு கறுத்து அழுகும். வடகிழக்கு மழை ஓய்ந்து, வெயில் சுள்ளென்று அடிக்கிற பிப்ரவரி, மார்ச்சில் நட்டவை எனக்கு நன்றாக வந்தன. இந்த மலையில் எந்த லைன் வீட்டு வாசலில் பார்த்தாலும் எண்ணெய் டின்னில் சிவப்பு ஜெரேனியம் நிற்கும். அந்த டின்களைக் கூரையின் இறவாரத்துக்கு அடியில் வைத்திருப்பார்கள், மழை நேராகப் படாது. காரணம் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள்.

முதல் மழைக்காலத்தில் பலகை நிறைய வைத்தேன். "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டேன். எல்லாம் போனது. காலையில் வைத்தால் சாயங்காலம் பலகை காலி. எங்கள் வீட்டுக்காரர் "பார்த்தியா, எவ்வளவு கிராக்கி!" என்றார். எனக்கு ஏனோ நிறைவாக இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே நட்டார்கள், அது பிழைத்ததா என்று ஒரு தகவலும் இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பேன், இவராக இருக்குமோ என்று. நின்று பேச மாட்டார்களா என்று தோன்றும். ராத்திரி படுக்கும்போதும் அதே நினைப்புத்தான். இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தைக்கு ஏங்குகிறோமே என்று இருந்தது. ஆனால் ஏக்கம் ஏக்கம்தான், அதட்டினால் போய்விடாது.

யோசித்துப் பார்த்தால் எடுத்தவர்கள் பேரில் குறை ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத பலகையில் இருக்கிற பொருளை எடுக்கிறவர் யாரிடம் நன்றி சொல்வார்? படியிறங்கி வந்து கதவைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத வீட்டில் அப்படித் தட்ட யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவர்கள் பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அதை நான்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த தடவை ஒவ்வொரு கவரிலும் ஒரு சீட்டுக் குத்தினேன். தயிர் டப்பாவை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, பென்சிலால் எழுதியது. பேனா மை ஒரே சாரலில் கரைந்து போகும், மார்க்கர் பேனா எழுத்து வெயிலில் வெளுத்துப் போகும். பென்சில் எழுத்து ஒன்றும் ஆகாது. வழுவழுப்பான பட்டையாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொண்டால் நன்றாக எழுத வரும். முதல் வரியில் செடியின் பேர். இரண்டாவது வரியில் வெயிலா நிழலா, தண்ணீர் எவ்வளவு. மூன்றாவது வரியில் "பூத்ததும் சொல்லுங்க, கீழ் வீடு."

பால்காரத் தம்பிதான் முதலில் சொன்னான். பாலை வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வந்து, "அக்கா, ஜிமிக்கி பூத்துருச்சு. அம்மா சொல்லச் சொன்னாங்க. அடியில எல பழுக்குதாம், என்ன பண்றது?" என்றான். படியிலேயே உட்கார்ந்து பேசினோம். மூடுபனிக் காலத்தில் காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் ஃபியூஷியா இலையில் சாம்பல் பூஞ்சை படரும், பழுத்த இலையை உடனே பொறுக்கிவிட வேண்டும், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அழகா இருக்கு" என்று அவன் சொல்லவே இல்லை. அவன் அம்மா செடியைத் தினமும் உற்றுப் பார்க்கிறார், அதனால்தான் கேள்வி வருகிறது. அது போதுமாக இருந்தது எனக்கு.

அப்புறம் வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். புதுசாக வீடு கட்டிக் குடிவந்தவர். வந்த வேகத்திலேயே, "என்னம்மா, நீலம்னு எழுதிக் குடுத்தீங்க. எங்க வீட்ல ரோஸ் கலர்ல பூக்குது!" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவரோடேயே கிளம்பிவிட்டேன்.

போனதும் விஷயம் புரிந்தது. செடி புதுச் சுற்றுச்சுவரின் அடியில் நின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்ட் கலவையும் அந்த மண்ணிலேயே கலந்து கிடந்தது. ஹைட்ரேஞ்சியாவின் நிறத்துக்கு மண்ணில் இருக்கும் அலுமினியம்தான் காரணம். நம் மலை மண் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது, தேயிலை இங்கே செழிப்பதே அதனால்தான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்தால் மண்ணின் அமிலம் குறையும், அலுமினியம் கரையாமல் நின்றுவிடும், அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். மண்ணின் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் அதிகம். அது ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம், ஆறரைக்கு மேலே போனால் ரோஸ், நடுவில் ஊதா கலந்து வரும். வெள்ளை ரகம் மட்டும் இதற்கெல்லாம் அசையாது.

டீச்சருக்கு நீலம்தான் வேண்டும் என்றால் செடியைச் சுவரிலிருந்து தள்ளி நடலாம், குழியில் தேயிலைத் தோட்டத்து மண்ணும் மக்கிய இலையும் போடலாம். படிகாரத்திலும் அலுமினியம் இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போகாமல் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கிற மண்ணில், மாதம் ஒருமுறை ஊற்றலாம். எலும்புத்தூள் போன்ற பாஸ்பரஸ் உரத்தை நிறுத்த வேண்டும், அது அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தாலும் நிறம் மாற அடுத்த பூப்புவரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர், "அப்படின்னா ஒண்ணு இங்கேயே இருக்கட்டும், இன்னொண்ணு தள்ளி வைப்போம். ரெண்டு கலரும் ஆச்சு" என்றார். இன்னொரு செடியும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, பழைய கிளையில்தான் அடுத்த வருஷப் பூ வரும், அதனால் பூ முடிந்த உடனே கவாத்துப் பண்ணுங்கள், மார்ச்சில் மொட்டையடித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். செடி இலை இலையாக வளர்கிறது, பூக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

டாலியா கொடுக்கும்போதும் இப்படி ஒரு விஷயம் உண்டு. பனிக்காலத்தில் செடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டிப் பிரிப்போம். கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும், பழைய தண்டின் அடியை ஒட்டிய கழுத்துப் பகுதியும் அதில் ஒரு கண்ணும் இல்லாவிட்டால் முளைக்காது. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், டாலியாவில் கழுத்தில் மட்டும்தான். கழுத்து முறிந்த கிழங்கை வாங்கிப்போய் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். அதனால் கண் விழித்து மொட்டுத் தெரிந்த கிழங்கை மட்டும்தான் பலகையில் வைக்கிறேன். எந்தக் கிழங்கு எந்த நிறம் என்று குழம்பாமலிருக்கப் பூ இருக்கும்போதே தண்டின் அடியில் அந்த நிற நூலைக் கட்டிவிட வேண்டும். தைக்கிறவள் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. முளைத்த பிறகு நத்தைதான் எதிரி. ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இலை பிகோனியாவைச் சொல்லாமல் விட முடியாது, அதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆச்சரியம். ஒரே ஓர் இலையைத் திருப்பிப் போட்டு, தடித்த நரம்புகளைப் பிளேடால் அங்கங்கே கீறி, கீறிய பக்கம் கீழே இருக்கும்படி ஈர மணலில் படிய வைத்துச் சின்னக் கற்களால் அழுத்தி, மேலே கண்ணாடித் துண்டு மூடிவிட்டால், ஒன்றரை இரண்டு மாதத்தில் கீறிய இடத்திலெல்லாம் குட்டிச் செடிகள் எழும்பும். பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். செடியாகக் கொடுப்பதைவிட அவர்களுக்கு இலையாகத்தான் கொடுக்கிறேன்.

கொடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கும் செடிகளும் உண்டு. இதில் நான் கறார். ஓடைக்கரையில் வீடு இருப்பவர்களுக்கு வெள்ளைக் கல்லா லில்லி கிடையாது. அது ஈரத்தில் இறங்கிச் சதுப்பையே பிடித்துக்கொள்ளும். மஞ்சள் செஸ்ட்ரமும், வாழைப்பழம்போல் நீளக் காய் காய்க்கிற பாஷன் கொடியும் எவ்வளவு அழகாகப் பூத்தாலும் பலகைக்கு வராது. சோலைக்காட்டு ஓரங்களில் அந்தக் கொடி மரத்தையே மூடிக்கொண்டு நிற்பதை நம் கண்ணால் பார்க்கிறோம். உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகத் தோட்டத்தில் வைத்ததுதான். ஊட்டிப் பக்கப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் வெள்ளைக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவந்தவை, இன்றைக்குப் பிடுங்கி மாளவில்லை. பாராட்டு வேண்டும் என்பதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட முடியாது. "அக்கா ரொம்பக் கெராக்கி பண்றாங்க" என்று ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. இந்த விஷயத்தில் சொல்லிக்கொள்ளட்டும்.

அதே மாதிரி, கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறேன் என்கிறவர்களுக்கு ஹைட்ரேஞ்சியா கொடுக்க மாட்டேன். சித்திரை வெயிலில் அது படும் பாட்டை நினைக்கவே முடியாது. அவர்களுக்கு மழை லில்லிக் கிழங்கு கொடுத்துவிடுவேன். அது எங்கேயும் பிழைக்கும், ஒரு நல்ல மழை பெய்தால் கூட்டமாகப் பூத்து மானத்தைக் காப்பாற்றும்.

வெளியே ஆட்கள் சொல்ல ஆரம்பித்த பிறகு, "ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் பேர் குடு. டீச்சரம்மா மாதிரி ஆளுங்களே சொல்றாங்க இல்ல?" என்று வீட்டுக்காரரும் சொன்னார். மே மாதக் கண்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி நடக்கும், நடுவர்கள் வந்து பார்ப்பார்கள், கோப்பை உண்டு. 1896-ல் தொடங்கிய கண்காட்சி, அதில் பரிசு வாங்குவது சின்ன விஷயமில்லை. எனக்கும் ஆசை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவர் வந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார். இலை ஏன் பழுக்கிறது என்று கேட்க மறுபடி வர மாட்டார்.

ஊட்டித் தாவரவியல் பூங்காவின் தொடக்கமே பகிர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறிக்காக வைத்த தோட்டம் அது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்த பிறகுதான் பூங்காவாக உருவெடுத்தது. இன்று நாம் ஊட்டிப் பூ, குன்னூர்ப் பூ என்று சொந்தம் கொண்டாடுகிறவற்றில் பெரும்பாலானவை இந்த மண்ணில் பிறந்தவை இல்லை. ஹைட்ரேஞ்சியா ஜப்பானிலிருந்தும், டாலியா மெக்சிகோவிலிருந்தும், ஜெரேனியமும் அகபாந்தஸும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. பெரிய தோட்டத்திலிருந்து பங்களாவுக்கு, பங்களாவிலிருந்து தோட்டக்காரர் வீட்டுக்கு, அங்கிருந்து லைன் வீட்டு எண்ணெய் டின்னுக்கு என்று யாரோ ஒருவர் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்துத்தான் என் வாசல்வரை வந்திருக்க வேண்டும். கொடுத்தவர்கள் பேர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை டாலியா நிற்கிறது, தட்டு அகலப் பூ, இதழ் நுனியில் மட்டும் லேசாக ஊதா. நான் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் நின்று கேட்டேன், "பாட்டி, இது எங்கே கெடச்சது?" என்று. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தன வருசத்துல நீதான் கண்ணு கேக்குற" என்றார். "எஸ்டேட்ல நான் வச்ச குச்சி எத்தன ஆயிரமோ. இந்த மலையில பாதி என் கையால நட்டது. இதெல்லாம் யாரு வச்சதுன்னு எவனாச்சும் கேட்டிருக்கானா?"

எனக்கு ஒரு பலகைச் செடிக்கே ஒரு மழைக்காலம் பொறுக்கவில்லை. பாட்டி ஒரு வாழ்நாள் முழுக்க நட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து சீட்டில் ஒரு வரி கூடியது. எந்தச் செடி யாரிடமிருந்து வந்ததோ அதையும் எழுதுகிறேன். "ஜெரேனியம், எதிர் வீட்டு அக்கா கொடுத்தது." "அகபாந்தஸ், மளிகைக்கடை அண்ணன் வீட்டுது." செடி கை மாறும்போது சீட்டும் கூடவே போக வேண்டும் என்று சொல்லியே கொடுக்கிறேன். இப்போது அருவங்காட்டில் இருக்கும் ஓர் அம்மா, நான் பார்த்தே இராதவர், சந்தையில் என்னைப் பிடித்து, "கீழ் வீடுன்னு எழுதியிருக்கே, அது நீங்கதானா? நாத்தனார் குடுத்தாங்க, ஜிமிக்கி சூப்பரா வந்திருக்கு" என்றார். பட்டாணி தோலுரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துவிட்டேன்.

மற்றவர் தோட்டங்களைப் பார்க்கப் போவதையும் இப்போது ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். போனால் முதலில் வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிதாகப் பூக்கும் என்ற பேச்சே எடுப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் எந்தச் செடிப் பக்கம் நம்மை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகிறார் என்று கவனித்தால் போதும், அதுதான் அவர் ஆசைச் செடி. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் டவுனிலிருந்து வரும்போது டீக்கடையில் சொல்லி வைத்துக் காலிப் பால் கவர் கட்டு ஒன்றை வாங்கி வருகிறார், கழுவியும் வைக்கிறார்.

பாட்டியின் வெள்ளை டாலியாவை இந்தத் தை மாதம் பிரிக்கப் போகிறோம். பாட்டியே கிழங்கைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், கழுத்து முறியாமல் வெட்ட வேண்டியது என் பொறுப்பு. டீச்சருக்கு ஒன்று, பால்காரத் தம்பியின் அம்மாவுக்கு ஒன்று என்று இப்போதே சொல்லியாயிற்று. சீட்டில் பாட்டியின் பேரை முழுப் பேராக எழுதுகிறேன், இனிஷியலோடு. மார்ச் கடைசியில் கண் விழித்ததும் மிச்சக் கிழங்குகள் பலகைக்கு வரும். எடுக்க வருகிறவர்கள் முடிந்தால் காலைப் பத்து மணிக்கு மேல் வாருங்கள், நான் மேலேதான் இருப்பேன். இலை பிகோனியாவில் வெள்ளிக் கோடு போட்ட ரகம் என்னிடம் இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் ஓர் இலை கொண்டுவாருங்கள்.